கைம்மையும் கல்வியும்: சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் பணி

கணவனை இழந்த மகளிர் மேற்கொண்ட நோன்பினைக் கைம்மை நோன்பு என நம் முன்னோர் வழங்கினர். பூதபாண்டியன் தேவியாகிய பெருங்கோப்பெண்டு, தன் கணவன் இறந்தபொழுது தீப்பாய எழுந்து, தன்னைத் தடுத்த சான்றோரை நோக்கிக் கூறியதாகப் புறநானூற்றிலே ஒரு பாட்டு உண்டு. நெய் பெய்யாத சோறும், வேளைக்கீரையும், பாயில்லாத கற்படுக்கையும் ஆகிய அவ்வாழ்வினும் ஈமத்தீயே தனக்கு இனிது என்பது அத்தேவியின் முடிவு. கைம்பெண்கள் கூந்தல் களைந்து வாழ்ந்தமையையும் அத்தொகையின் பிற பாட்டுக்கள் காட்டுகின்றன. ஆகவே, இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. தீப்பாய்ந்த மகளிருக்கு உலகம் கல் நாட்டியது, புலவர் பாடினர். தீப்பாயாது, நாற்பது ஐம்பது ஆண்டு அக்கைம்மையை வாழ்ந்து தீர்த்த எண்ணிறந்த பெண்களுக்குக் கல்லும் இல்லை, பாட்டும் இல்லை. வரலாறு எழுதுவோரும் அவர்களை எட்டிப்பார்த்தாரல்லர்.

அத்தகையாருள் ஒருவராக வாழ்ந்து மறைந்திருக்க வேண்டியவர், ஆர். எஸ். சுப்பலட்சுமி அம்மையார். 1886 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18 ஆம் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்து, 1969 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 20 ஆம் தேதி மறைந்த இவரை, ‘சகோதரி சுப்பலட்சுமி’ என்றே தமிழகம் அறியும். இவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தியாகம், கருணை, தொண்டு என்னும் சொற்களாலேயே பேசி அமைகின்றனர். அச்சொற்கள் பொய்யல்ல. ஆயினும், அவற்றுள் அம்மையாருடைய அறிவு மறைந்து போகின்றது என்பது எமது கருத்து. கருணையுடையோர் அவருக்கு முன்னரும் பலர் இருந்தனர். விதவையர் துயரையும், பெண்பாடசாலைகளில் நிலவிய ஆசிரியைப் பஞ்சத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒன்றைக் கொண்டே மற்றொன்றைத் தீர்க்கலாம் எனக் கண்டு, கண்டதை நிலையான தாபனங்களாகக் கட்டி முடித்ததே அவருடைய தனிச்சிறப்பாகும்.

அவருக்கு முன் நிகழ்ந்தவற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். உடன்கட்டையேறுதல் 1829 இல் வங்காளத்திலும், அடுத்த ஆண்டு சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் தடைசெய்யப்பட்டது. ஈசுவர சந்திர வித்தியாசாகரரின் முயற்சியால் 1856 இல் விதவை மறுமணத்தைச் சட்டம் அங்கீகரித்தது. ஆனால், சட்டம் கதவைத் திறந்தாலும் அவ்வழியே நடந்தோர் மிகச் சிலர். ஆந்திர நாட்டில் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு 1881 திசெம்பரில் இராஜமகேந்திரவரத்தில் முதல் மறுமணத்தை நடத்தி வைத்தபொழுது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று.

மகாராட்டிரத்திலே பண்டித ரமாபாய் வேறு வழியிற் சென்றார். 1858 இற் பிறந்த இவ்வம்மையார், தம் மனைவிக்கும் மகளிருக்கும் சமஸ்கிருதம் கற்பித்த குற்றத்திற்காகச் சமூகத்தால் வெறுக்கப்பட்ட அனந்த சாஸ்திரி டோங்ரே என்பாரின் புதல்வி. பஞ்சத்திலே தாய்தந்தையரைப் பறிகொடுத்து, தமையனோடு கால்நடையாகப் பாரத தேசமெங்குஞ் சுற்றி, கல்கத்தாவிலே பண்டிதர்கள் வியந்து ‘சரஸ்வதி’ எனப் பட்டமளிக்கும்படி புலமை காட்டி, வங்காளத்தவரொருவரை மணந்து, இரண்டாண்டு கழியுமுன் கைம்பெண்ணானவர். 1889 இல் அவர் பம்பாயில் நிறுவிய சாரதா சதனம், உயர்குல விதவையர்க்கெனக் கல்வியோடு கூடிய புகலிடமாக விளங்கியது. அடுத்த ஆண்டு அது பூனாவுக்கு மாற்றப்பட்டது. ஆனால், இங்கிலாந்திலிருந்த காலத்திற் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்தார் அவர். சதனத்து மாணவிகள் சிலர் அச்சமயத்தை நாடுகின்றனர் என்ற செய்தி 1893 இற் பரவவே, இந்துப் பெற்றோர் தம் பெண்களை மீட்டுச் சென்றனர். ஆதரித்து நின்ற இந்துப் பெரியோரும் விலகினர். யார் பக்கம் நியாயம் என்பதை ஈண்டு ஆராய வேண்டுவதில்லை. பெண்ணைப் படிக்க அனுப்பினால் அவள் மதம் மாறிவிடுவாள் என்ற அச்சம் அன்றுமுதல் இந்துக் குடும்பங்களில் வலுப்பெற்றது என்பதே நாம் கருதத்தக்கது. அவ்வச்சத்தை நீக்கும் நோக்கோடு பேராசிரியர் கார்வே 1896 இற் பூனாவில் ஒரு விதவையர் இல்லத்தை ஆரம்பித்தார். தாமே ஒரு விதவையை மறுமணஞ் செய்தவராயினும், இல்லத்திலே மறுமணப் பிரசாரத்தை அவர் தவிர்த்துக் கல்வியையே முன்வைத்தார். தமிழ்நாட்டிலோ இவ்வகையில் குறிப்பிடத்தக்க முயற்சி யாதும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உருப்பெறவில்லை.

சுப்பலட்சுமியின் தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர் அரசாங்க சேவையிலிருந்தவர். தாயார் விசாலாட்சி அம்மாள். குடும்பம் தஞ்சாவூர்ச் சீமையிலுள்ள ரிஷியூரைச் சேர்ந்தது. மூத்த புதல்வியாகிய சுப்பலட்சுமி ஒன்பதாம் வயதில், நான்காம் வகுப்புப் பொதுப்பரீட்சையிலே செங்கற்பட்டு மாவட்டத்தில் முதலாவதாகச் சித்தியெய்தினார். அக்காலத்துப் பிராமணக் குடும்பங்களிலே பெண் பூப்பெய்துமுன் மணஞ்செய்வித்தல் கட்டாயமாகக் கருதப்பட்டது. அவ்வாறே பத்துப் பதினொரு வயதளவில் அவருக்கும் மணம் நிகழ்ந்தது. மணம் நிகழ்ந்து சின்னாளிற் கணவன் இறந்தான். கணவனென்பான் எவன் என்று அறியாத பருவத்திலேயே அப்பேதை விதவையெனப்பட்டாள்.

இனி நிகழவேண்டியது யாது என்பதை ஊரார் நன்கறிவர். தலைமயிர் மழிக்கப்படும், நாருமடி போர்த்தப்படும், ஒருவேளை உணவும் அடுக்களை மூலையும் எஞ்சும். வீட்டில் நிகழும் மங்கல காரியங்களில் அவள் முன்வருதல் ஆகாது. வெளியே புறப்படுவோர் எதிரில் வருதலும் ஆகாது. அவளுடைய உழைப்பு வேண்டும், முகம் வேண்டா என்பதே அன்றைய நியதி. சொத்துரிமையிலும் அவள் நிலை இரங்கத்தக்கதே. கூட்டுக் குடும்பத்தில் இறந்தவனுடைய பங்கு ஏனைய ஆடவரைச் சேர, விதவைக்கு உண்டி, உடை, உறைவிடம் என்னும் சீவனாம்சமே எஞ்சியது. 1937 இல் நிறைவேறிய சட்டமே அவளுக்குக் கணவன் பங்கில் ஓர் உரிமையை, அதுவும் ஆயுட்கால அளவில், வழங்கிற்று. ஆகவே, இல்லிலுள்ளார் இரக்கமற்றவராயின் அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

சுப்பலட்சுமி வீட்டிலோ நியதி பிறழ்ந்தது. பெற்றோர் அவருடைய கூந்தலை மழிக்க இசையவில்லை. தந்தையார் தாமே மகளுக்கு ஆங்கிலமும் பிறவும் கற்பிக்கலானார். அவ்வீட்டிலே தாயாரின் தங்கையாகிய வாலாம்பாள் அம்மாளும் இருந்தார். அவரும் இளவயதிற் கைம்மையுற்றவர். ஒரே கூரையின்கீழ் இரு தலைமுறை விதவையர் வாழ்ந்தமையைச் சுப்பிரமணிய ஐயரின் துணிவுக்கு ஒரு காரணமாகக் கொள்வது தவறாகாது. மைத்துனியின் வாழ்வு எவ்வாறு கழிந்தது என்பதைக் கண்முன்னே கண்டவர், மகளின் வாழ்வும் அவ்வாறே கழிவதை விரும்பியிரார். உறவினர் கண்டித்தனர், ஊரார் தூற்றினர். அவற்றை விரித்துரைத்தல் மிகை.

வீட்டுக் கல்வியின் பின்னர் அவர் கத்தோலிக்கக் கன்னியர் மடத்துப் பாடசாலை ஒன்றிற் பயின்றார். அங்கேதான், மணவாழ்வைத் துறந்து, கற்பித்தலையே தம் தொழிலாகக் கொண்ட பெண்களை அவர் அணுகிக் கண்டது. கணவன் இல்லாத பெண்ணொருத்தி மதிப்போடும் வேலையோடும் வாழ இயலும் என்பதற்கு அவர் கண்ட கண்கூடான சான்று அக்கன்னியரே. சமயத்தால் அவர் சிறிதும் மாறவில்லை. அவ்வாழ்க்கை முறையை மாத்திரம் உள்ளத்திற் பதித்துக்கொண்டார். பிற்காலத்தில் மாணவியர் அவரைச் ‘சகோதரி’ என அழைத்ததும், அக்கன்னியரை அழைக்கும் மரபினை நினைவூட்டுவதே. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, 1911 இல் முதல் வகுப்பில் பி. ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்து இந்துப் பெண்களுள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பர்.

அக்காலத்துச் சென்னைக் கல்வி இலாகாவை வாட்டிய பிரச்சினை யாதெனில், பெண்பாடசாலைகளுக்கு ஆசிரியைகள் கிடையாமையாம். பெண்கல்வியை விரிவாக்க வேண்டும் என அரசினர் கருதினர். பெற்றோரிலும் சிலர் விரும்பினர். ஆனால், பூப்பெய்தும் பருவத்துப் பெண்களை ஆண் உபாத்தியாயரிடம் விடப் பெற்றோர் இசையார். பெண் உபாத்தியாயரோ எங்கிருந்து வருவர்? இந்துக்களுள் உயர் வகுப்பினரிடையே மணமாகாத வயதுவந்த பெண் என ஒருத்தி இலள்; மணமான பெண்ணைக் கணவன் வீட்டார் வேலைக்கு அனுப்பார். எஞ்சியோர் கிறிஸ்தவ ஆசிரியைகளும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஆசிரியைகளுமே. அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பவோ, மேற்கூறிய மதமாற்ற அச்சம் தடை நின்றது. ஆசிரியை இல்லாமையாற் பெண்கள் படிக்கவில்லை. பெண்கள் படியாமையால் ஆசிரியைகள் தோன்றவில்லை. இச்சுழலினின்று வெளிவர வழி காணாது இலாகாவினர் திகைத்தனர்.

இந்து சமுதாயத்தில் வயதுவந்தும் கணவன் கட்டுப்பாடு இல்லாதவர், பிள்ளைப்பேறு முதலிய பொறுப்புக்களாற் கட்டுண்ணாதவர், வீட்டாரால் இன்றியமையாதவரெனக் கருதப்படாதவர் ஒரே ஒரு பிரிவினர் உளர். அவர்தாம் விதவையர். சமுதாயம் எவரைப் பயனற்றவர் என ஒதுக்கிற்றோ, அவரையன்றிப் பெண்கல்விக்கு வேறு ஆளில்லை. இவ்வுண்மையைப் பெண் பாடசாலைகளின் பரிசோதகியாக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அயர்லாந்து அம்மையார் அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து கண்டார். சுப்பலட்சுமி வீட்டின் உள்ளேயிருந்து கண்டார். இருவரும் சந்தித்தமை தமிழகப் பெண்கல்வியின் நற்பேறு என்றே கூறல் வேண்டும். பரிசோதகியிடம் திட்டமும் இலாகாவின் ஆதரவும் இருந்தன. ஆனால், எந்தப் பிராமணத் தந்தையும் ஓர் ஐரோப்பிய மாதை நம்பித் தன் விதவை மகளை ஒப்படையான். சுப்பலட்சுமியிடம் அந்நம்பிக்கை இருந்தது. அவர் அதே குலத்தவர், அதே துயருற்றவர், பட்டம் பெற்ற பின்னரும் ஆசாரம் வழுவாதவர்.

1912 இல், சாரதா மகளிர் சங்கம் உருவாகியது. மகளிர் கூடிப் பேசவும், பெண்கல்விக்குப் பொருள் திரட்டவும் அச்சங்கம் இடமாயிற்று. எழும்பூரிலே தம் குடும்பத்தார் வசித்த வீட்டில் நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு சுப்பலட்சுமி தொடங்கிய சிறு முயற்சியே சாரதா இல்லமாக வளர்ந்தது. அரசினர் அதற்கு நிதியுதவி அளித்தனர்.

இவ்வில்லத்தின் நடைமுறையை ஊன்றி நோக்குவார்க்கு அம்மையாரின் மதிநுட்பம் புலனாகும். அடுக்களை ஆசாரம் அங்கே சற்றும் தளர்த்தப்படவில்லை. பூசை, விரதம், மடி முதலிய யாவும் வீட்டில் உள்ளவாறே காக்கப்பட்டன. இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்தவர் வாலாம்பாள் அம்மாள். இல்லத்துப் பெண்கள் யாவர்க்கும் அவர் ‘சித்தி’. பட்டமும் பதக்கமும் பெறாத இம்மூதாட்டியைச் சுப்பலட்சுமியின் வரலாறு எழுதுவோர் ஒரு வரியிற் கடந்து செல்வது முறையன்று. வைதிகரொருவர் தம் மகளைப் பார்க்க வந்தால், முதலில் நோக்குவது வகுப்பறையை அன்று, அடுக்களையை. அங்கே சித்தி இருந்தமையாற்றான் அவர் மனவமைதியோடு திரும்பினார். அடுக்களை காத்த நம்பிக்கையின்மேல் வகுப்பறை கட்டப்பட்டது. மறுமணத்தையும் அவ்வில்லம் தன் கொள்கையெனப் பறைசாற்றவில்லை. ரமாபாயின் சதனத்துக்கு நேர்ந்தது இங்கே நேராமைக்குக் காரணம் இதுவே.

இல்லம் பெருகவே இடம் போதாதாயிற்று. 1917 இல், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் அரசினர் வசமாகி, இளம் விதவையர்க்கு உரியதாயிற்று. இக்கட்டடத்தின் கதை சுவையானது. அமெரிக்காவிலே ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொணர்ந்து விற்ற பிரெடரிக் டியூடர் என்பார், அதனைச் சேமித்து வைத்தற்கென 1842 இல் இதனைக் கட்டுவித்தார். இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வியாபாரம் நொடிந்தது. பின்னர் அதனை வாங்கிய வழக்கறிஞர் பிளிகிரி ஐயங்கார், சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து மனையாக்கினார். 1897 பெப்ருவரியில் விவேகானந்த சுவாமிகள் மேனாட்டினின்று திரும்பிச் சென்னையில் ஒன்பது நாள் தங்கியது இம்மனையிலேதான். அதற்குச் சில நாள் முன்னர், சனவரி மாதத்திலே, அவர் கொழும்பிலிறங்கிக் கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றியதை நம்மவர் மறவார். யாழ்ப்பாணத்தில் அக்குரலைக் கேட்டோர் பலர்க்கும், சுவாமிகள் அடுத்துத் தங்கிய மாளிகை இருபதாண்டுக்குள் இளம் விதவையரின் கலாசாலையாகும் என்பது கனவிலும் தோன்றியிராது. சுவாமிகளின் சகோதரத் துறவியாகிய இராமகிருஷ்ணானந்தர் 1907 வரை அங்கிருந்தே சென்னை மடத்தை நடத்தினார்.

அத்தகைய இடத்திலே, கடற்காற்று வீசும் மேன்மாடங்களில், வீட்டு மூலையினின்று மீண்ட பெண்கள் எழுத்தறிவும் கணிதமும் ஆங்கிலமும் பயின்றனர். அருகேயிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அம்மையார் ஒரு பாடசாலை ஏற்படுத்தினார். விதவையர் இல்லம் ஐஸ் ஹவுசில் 1941 வரை நிலைபெற்றது.

1914 இற் சென்னையில் மகளிர் கல்லூரி அமைந்தது. அதுவே பின்னர் இராணி மேரிக் கல்லூரியெனப் பெயர் பெற்றது. கடற்கரையிலேயே, நடந்து செல்லத்தக்க தொலைவில், உயர்கல்விக்கு வழி திறந்தமை இல்லத்துப் பெண்களுக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. எனினும், படித்த பெண்ணை ஆசிரியையாக்கும் பயிற்சி வேண்டுமன்றோ? 1922 இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியும், அதனோடிணைந்த மாதிரிப் பாடசாலையும் தொடங்கப்பெற்றன. சுப்பலட்சுமி அம்மையாரே அதன் முதல் தலைவியானார். பட்டதாரிகள் முதல் ஆரம்ப வகுப்பாசிரியைகள் வரை பல தரத்தார்க்கும் அங்கே பயிற்சியளிக்கப்பட்டது. சாரதா இல்லத்திற் பயின்ற விதவையர் சிலர் அங்கேயே ஆசிரியைகளாக அமர்ந்தனர். ஒரு பெண் நான்கெழுத்து அறியாதவளாக இல்லத்துட் புகுந்து, படித்து, பயிற்சி பெற்று, ஊதியம் பெறும் ஆசிரியையாக வெளியேறும் முழுப் பாதையும் இவ்வாறு பத்தாண்டுக்குள் அமைந்துவிட்டது.

இதன் விளைவை அளவிடுங்கால், ஊதியத்தை மாத்திரம் எண்ணுதல் போதாது. தன் கையால் ஈட்டிய பொருள் விதவைக்குச் சொந்தம். அதனாற் சீவனாம்சத்துக்குக் கையேந்தும் நிலை நீங்கிற்று என்பது உண்மையே. அதனினும் ஆழ்ந்த மாற்றம் ஒன்றுண்டு. காலையிலே எதிர்ப்பட்டால் அபசகுனம் என ஊரார் முகந் திருப்பிய அதே பெண், ஆசிரியையாகி வகுப்புக்குள் நுழையும்பொழுது, நாற்பது குழந்தைகள் எழுந்து நின்று வணங்கினர். ஒவ்வொரு நாளும் அவள் முகத்தில் விழித்துத்தான் அவர்களின் படிப்புத் தொடங்கியது. விதவையைப் பற்றிய மூடநம்பிக்கையை மறுத்துப் பத்துப் பேர் மேடையிற் பேசுவதனினும், அக்குழந்தைகள் வீடு திரும்பித் தம் ஆசிரியையைப் பற்றிப் பேசியது வலிதாயிருந்திருக்கும்.

சாரதா இல்லத்திற் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரைச் சேர்க்க விதி இடந்தரவில்லை. குழந்தை விதவையர்க்கு வழி பிறந்தது; முப்பது வயதிற் கைம்மையுற்றவளுக்கோ, கணவனாற் கைவிடப்பட்டவளுக்கோ வழியில்லை. அம்மையார் அரசாங்க உத்தியோகத்திலிருந்தபடியால் விதியை மீறல் இயலாது. ஆதலால், சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்தியாலயம் என வேறொரு பாடசாலையை, வயதுவந்த பெண்களுக்கும் விடுதியோடு அமையுமாறு 1927 இல் ஏற்படுத்தினார். அது பின்னர் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் தியாகராய நகரிலே வளர்ந்தது.

உத்தியோகம் அவர் கைகளை வேறுவகையிலும் கட்டியது. 1917 இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியபொழுது, அரசாங்க ஊழியர்க்குரிய விதிகள் காரணமாக அவர் அதிற் பகிரங்கமாகச் சேர இயலவில்லை. எனினும், பாலிய விவாகத்தைப் பற்றி விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன் சாட்சியமளிக்க அவர் தயங்கவில்லை. அக்கமிட்டியின் விசாரணையை அடுத்து 1929 இல் நிறைவேறி, 1930 ஏப்ரில் முதலாந் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம், பெண்ணின் மணவயதைப் பதினான்கு என வரையறுத்தது. அதனைச் சாரதா சட்டம் என்பர். அப்பெயர் ஹர் பிலாஸ் சார்தா என்னும் அங்கத்தவரின் பெயரால் வந்ததேயன்றி, சாரதா இல்லத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயர் ஒத்தது தற்செயல். ஆயினும், இல்லத்துக்கு விதவைகளை அனுப்பிய ஊற்றையே அடைக்க முயன்ற சட்டமாதலின், பெயர்ப்பொருத்தம் வியக்கத்தக்கதே.

இனி, இப்பணியின் எல்லையையும் மறையாது கூறுதல் வரலாற்றாசிரியன் கடன். சாரதா இல்லம் பிராமண விதவையர்க்கென அமைந்தது. பூப்பின் முன் மணமும் தலைமழித்தலும் அச்சமூகத்திலேயே மிகுதியாயிருந்தமையும், ஆசாரக் கட்டுப்பாடு தளர்ந்தால் ஒரு தந்தையும் மகளை அனுப்பான் என்பதும் அதற்குக் கூறப்படும் காரணங்கள். காரணம் எதுவாயினும், பொதுப்பணத்தில் நடந்த ஒரு நிலையம் ஒரு சாதியார்க்கே பயன்பட்டது என்ற குறை குறையே. வைதிகத்தின் இசைவைப் பெற்று முன்சென்றவர், அவ்விசைவுக்குரிய விலையையும் செலுத்தினார்.

இதற்கு மறுதலையாக, அதே 1886 ஆம் ஆண்டு சூலை மாதம் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வரலாற்றை வைத்து நோக்குதல் தகும். இவருடைய தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். புதுக்கோட்டை மகாராசாக் கல்லூரியில் ஆடவரிடையே தனித்திருந்து பயின்று, 1912 இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். 1927 இற் சென்னைச் சட்டசபையில் நியமனம் பெற்று, அதன் உபதலைவியாகவும் தெரிவு செய்யப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடிய காலத்தில், அம்முறையினின்று தப்பிவந்த பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதியும் இசையாமையால், தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதுவே ஔவை இல்லத்தின் தொடக்கம். அங்கே சாதி கேட்கப்படவில்லை. சுப்பலட்சுமி கட்டிய கதவு எங்கே அடைத்ததோ, அங்கே முத்துலட்சுமி இன்னொன்றைத் திறந்தார். ஒருவர் வைதிகரைத் தழுவிச் சென்றார். மற்றவர் அவரோடு மோதினார். இவ்விரண்டில் எது சிறந்தது என மாணவர் விவாதிப்பதுண்டு. முன்னவர் வழியாலன்றி அடுக்களைக்குட் கிடந்த பெண் வெளிவந்திராள். பின்னவர் வழியாலன்றிக் கோயிற்றெருவிலே கிடந்த பெண் மீண்டிராள். நோய் வேறாதலின் மருந்தும் வேறாயிற்று என்பதே எமது துணிபு.

அரசாங்கப் பணியின் பின்னரும் சுப்பலட்சுமி அம்மையார் ஓய்ந்தாரல்லர். 1942 இல் வயதுவந்த மகளிர்க்கென மயிலாப்பூரிலே ஸ்ரீவித்யா கலாநிலையத்தை நிறுவினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமன்ற மேலவையில் அங்கத்தவராயிருந்தார். 1954 இல், தாம்பரத்துக்கு அண்மையிலுள்ள மாடம்பாக்கம் கிராமத்தில் மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் ஒரு நலநிலையம் அமைவதில் ஈடுபட்டார். மயிலாப்பூர் மாதர் கழகத்தார் 1956 இல் ஆரம்பித்த பாடசாலையே இன்றைய வித்தியா மந்திர். ஆங்கில அரசினர் 1920 இல் கைசர்-இ-ஹிந்து பதக்கமும், சுதந்திர இந்திய அரசினர் 1958 இல் பத்மஸ்ரீ விருதும் அளித்தனர்.

அவருடைய முதுமையில் மோனிகா பெல்ற்றன் என்னும் ஆங்கில மாது அவரோடு பழகி, அவர் வாய்மொழியைக் கேட்டு, குழந்தை விதவை ஒருத்தியின் கதையாக அவ்வரலாற்றை எழுதி 1966 இல் வெளியிட்டார். இவ்வம்மையார் இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் என்னும் புதுநகரை அமைக்கும் கழகத்தின் தலைவியாயிருந்து, கொரிய யுத்த காலத்தில் வடகொரியா சென்றுவந்தமையால் 1951 இற் பதவியிழந்து, பின்னர்ச் சென்னையிலே குடியேறியவர். தன் நாட்டிலே ஒதுக்கப்பட்ட ஒருத்தி, பிற நாட்டிலே ஒதுக்கப்படவிருந்த ஒருத்தியின் கதையைத் தேடி எழுதினாள். ஒரு தமிழ்ப் பெண்மணியின் வரலாற்றை நூலாகக் காண ஆங்கிலத்தை நாட வேண்டியிருந்ததே என்னும் குறை நமக்கு உண்டு.

ஐஸ் ஹவுஸ் 1963 இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பொழுது இராமகிருஷ்ண மடத்தார் பொறுப்பில் உள்ளது. சென்னைக்கு யாத்திரை செல்லும் நம்மவர் பலர் சுவாமிகள் தங்கிய அறையைக் கண்டு வணங்கித் திரும்புகின்றனர். அம்மாளிகையில் சுவாமிகள் தங்கியது ஒன்பது நாள். இளம் விதவையர் தங்கிப் படித்தது இருபத்துநான்கு ஆண்டு.